தலையைத் தூக்காதே, கையைத் தூக்கு

மார்ச் 11

தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு என்னை ஏரியிலிருந்து அள்ளிப் படகில் போட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மானத்துக்குத்தான் கொஞ்சம் சேதம்.

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா, சுகமா என்று ஆரம்பித்தால் நீ கிழித்துப் போடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ட்ரையத்லான் என்று ஒரு போட்டி. ஒரே நாளில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும். அதிலும் நான் பெயர் கொடுத்தது நீண்ட தூரத்துக்கு. 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும், பிறகு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். நாற்பத்தொன்பது வயதில் இது எதற்கு என்று உன் அண்ணி கேட்டாள். மூன்று வருடம் முன்பு டாக்டர் சர்க்கரை என்றார், சைக்கிள் வாங்கினேன். சைக்கிள் பிடித்துப்போயிற்று, ஓடினேன். ஓட்டமும் வந்தது. மிச்சமிருந்தது தண்ணீர்.

நீச்சலுக்கு இரண்டு மணி இருபது நிமிடம் தருகிறார்கள். ஏரியில் இரண்டு சுற்று. முதல் சுற்றை ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் கரையேற்றிவிடுவார்கள். என்னை அதற்கும் முன்பே ஏற்றிவிட்டார்கள். கடையில் பையன்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்: “ஊருக்கெல்லாம் தண்ணித் தொட்டி விக்கிறவரு, ஒரு ஏரியில மிதக்க முடியலயே.”

நீச்சல் குளத்தில் இதே தூரத்தை இரண்டு மணிக்கும் குறைவாக நீந்தியிருக்கிறேன். ஏரியில் ஏன் வரவில்லை என்று என் பயிற்சியாளருக்கும் தெரியவில்லை. அடுத்த போட்டி செப்டம்பர் 14, அதே ஏரியில். ஆறு மாதம் இருக்கிறது. நீ நகராட்சிக் குளத்தில் இருபது வருடமாகக் கற்றுக்கொடுக்கிறாய். எனக்குச் சொல்லிக்கொடு. உனக்கு என்ன வேண்டுமோ கேள். நான் இழுத்தடிக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நம் லோடு வண்டி செவ்வாயும் வெள்ளியும் உன் குளத்து வழியாகத்தான் போகிறது. டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பதில் எழுத நேரமாகும் என்றால் அவர் காத்திருப்பார்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

டிரைவரைக் காத்திருக்க வைக்க வேண்டாம். அவர் வண்டி குளத்து வாசலை அடைத்து நின்றதில் முப்பது குழந்தைகள் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

போன் செய்யவும் வேண்டாம். உங்கள் குரல் கேட்டால் பேரம் ஆரம்பித்துவிடும். பேரத்தில் நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. எழுதுங்கள். எழுதினால் இரண்டு பேருக்கும் சமம்.

பணம், சாமான் எதுவும் வேண்டாம். கல்குவாரியில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நகைச்சுவை இல்லாமல். அது வந்த பிறகு நீச்சல் பற்றிப் பேசலாம்.

தங்கை


மார்ச் 25

நண்டுக்கு,

“நீங்கள்” போட்டு எழுதியிருக்கிறாய். வங்கியிலிருந்து வந்த கடிதம் போல இருந்தது.

குவாரி விஷயம் முப்பத்திரண்டு வருடப் பழசு. அப்பாவும் போய்விட்டார். அன்றைக்கு நீயும் தண்ணீரில் இருந்தாய், நானும் இருந்தேன். இரண்டு பேரும் உயிரோடு கரையேறினோம். அதை இப்போது தோண்டி யாருக்கு என்ன லாபம்? கடையின் இருபதாம் ஆண்டு விழாவில் அதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். மேடை, மைக், எதிரில் இருநூறு வியாபாரிகள். வாய் நீண்டுவிட்டது. நீ சாப்பிடாமல் எழுந்து போனது எனக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா? உன் அண்ணி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் குளத்தில் குளித்துவிட்டு இறங்கும் இடத்தில் ஷவர் நான்கும் துருப்பிடித்திருப்பதாக டிரைவர் சொன்னார். பித்தளையில் நல்ல சரக்கு நான்கு அனுப்பியிருக்கிறேன். இது பேரம் இல்லை. கண்ணால் பார்த்ததை ஒருவர் சொல்லும்போது சும்மா இருக்க முடியவில்லை.

நாள் ஓடுகிறது. எங்கே ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொல்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடிக்கோடிட்ட வரி ஒன்று உண்டு: “இரண்டு பேரும் உயிரோடு கரையேறினோம்.” அதைச் சரிசெய்து அனுப்பவும்.

ஷவர்களும் அதே வண்டியில் திரும்புகின்றன. டிரைவர் எதுவும் புரியாமல் நின்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

என்னை நண்டு என்று எழுத வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 17

தங்கைக்கு,

இரண்டு வாரம் வீம்பில் எழுதாமல் இருந்தேன். நேற்று முன்தினம் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குத் தனியாக ஏரிக்குப் போனேன். யார் உதவியும் வேண்டாம், நானே பழகிக்கொள்கிறேன் என்று. நூற்றைம்பது மீட்டர் போயிருப்பேன். தண்ணீருக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை, பச்சையும் கறுப்புமாக இருந்தது. நெஞ்சு இறுகிவிட்டது. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போக மாட்டேன் என்கிறது. கையும் காலும் யாரோ ஒருவருடையது போல அடித்துக்கொண்டன. மீன்காரர்கள் வலைக்கு அடையாளமாக நீல பீப்பாய் ஒன்று கட்டியிருந்தார்கள். அதைப் பிடித்துத் தொங்கினேன். பீப்பாயில் என் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. நாற்பது நிமிடம் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு படகு ஒன்று வந்தது.

நான் எழுத வந்தது இது இல்லை. ஏரிக்கரையில் நான்கு பேர் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள். கத்தினால் கேட்கும் தூரம். அதில் ஒருவர் என் வாடிக்கையாளர். நான் கத்தவில்லை. படகுக்காரரிடம் கூட “சும்மா ஓய்வெடுக்கிறேன்” என்றுதான் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஓய்வெடுக்கறவரு உதடு இப்படி நீலமா இருக்காதுங்க” என்றார்.

நீ கேட்ட பக்கம் இது.

எனக்குப் பதினேழு, உனக்குப் பன்னிரண்டு. வீட்டுக்குப் பின்னால் இருந்த குவாரியில் மழைத் தண்ணீர் நின்றிருந்தது. என் கூட்டாளிகள் மூன்று பேர் மேல் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். தெரியாது. குதித்தேன். கால் தரையைத் தொடவில்லை. இரண்டு தடவை மேலே வந்தேன், இரண்டு தடவையும் கத்தவில்லை. அவர்கள் நான் விளையாடுகிறேன் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ பின்பக்கமாக வந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாய். கரையில் ஏற்றிக் குப்புறப் போட்டாய். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அப்பா ஓடிவந்தார். “என்னடா ஆச்சு?” என்றார். “இவ வழுக்கி விழுந்துட்டாப்பா, நான் குதிச்சுத் தூக்கினேன்” என்றேன். கூட்டாளிகள் அதற்குள் ஓடிவிட்டார்கள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். உன்னால் பேச முடியவில்லை. பேச முடிந்தபோது யாரும் கேட்கவில்லை.

மூழ்கியது நான். இழுத்தது நீ.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குச் சேர்ந்த அன்று பயிற்சியாளர் கேட்டார், “சின்ன வயசுல தண்ணியில ஏதாவது பயந்த அனுபவம் உண்டா சார்?” நான் சொன்னேன், “பயமா? ஒருத்தியைக் காப்பாத்தியே இருக்கேன்.” அவரும் அதை நம்பி, பயமில்லாதவனுக்குச் சொல்லித்தரும் பாடத்தை எனக்குச் சொல்லித்தந்தார். எனக்குத் தண்ணீர் பயம் என்று தெரிந்த ஒரே ஆள் நீதான்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணனுக்கு,

வந்தது. வைத்திருக்கிறேன்.

நாற்பது நிமிடம் கத்தவில்லை என்ற வரியை மூன்று தடவை படித்தேன். இனி ஏரியில் தனியாக இறங்கியதாகக் கேள்விப்பட்டால் என் கடிதம் நின்றுவிடும். இரண்டு பேர் கூட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும் ஆரஞ்சு நிற மிதவை வேண்டும். இதில் மாற்றமில்லை.

இப்போது உங்கள் மூச்சு. நீங்கள் பைப் விற்கிறவர், உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். பைப்பில் காற்று அடைத்துக்கொண்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாது. என்ன செய்வீர்கள்? இணைப்பைத் தளர்த்திக் காற்றை வெளியே விடுவீர்கள். உங்கள் நெஞ்சு அதுதான். பயத்தில் மூச்சை உள்ளே பூட்டி வைக்கிறீர்கள். நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றினால் எங்கே போகும்? உள்ளே இழுப்பது பிரச்சினை இல்லை. வெளியே விடாததுதான்.

அதனால் இரண்டு வாரம் நீந்தவே கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை முழுதாக அமிழ்த்தி, மூக்கு வழியாக மெதுவாக ஊதுங்கள். ம்ம்ம் என்று முனகிக்கொண்டே ஊதினால் இன்னும் நல்லது. முனகும்போது மூச்சைப் பிடித்து வைக்க முடியாது. தினம் இருபது நிமிடம். அது சலித்துப்போன பிறகு குப்புற மிதந்து தரையில் இருக்கும் ஓடுகளை எண்ணுங்கள்.

தலையைத் தூக்காதீர்கள். தலை மேலே போனால் கால் கீழே போகும். கால் தொங்கினால் நீங்கள் நீந்தவில்லை, தண்ணீரில் மாடிப்படி ஏறுகிறீர்கள். ஏரியில் எத்தனை தடவை தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

தங்கை


மே 20

தங்கைக்கு,

எண்ணவில்லை. எந்நேரமும் என்று வைத்துக்கொள்.

இரண்டு வாரம் குழந்தைகள் பகுதியில் நின்று முனகினேன். பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நீச்சல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கவனித்தாள். “அங்கிள், நீங்க வாயால ஊதறீங்க. மூக்கால ஊதணும். எங்க மிஸ் திட்டுவாங்க.” அவள் சொன்னது சரி. திருத்திக்கொண்டேன்.

உன்னிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை: முதல் நாள் முகத்தை வைத்தவுடன் எழுந்துவிட்டேன். ஷவர் விற்றே ஒரு வீடு கட்டியிருக்கிறேன், அந்த வீட்டில் ஷவர் கிடையாது. வாளியும் குவளையும்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. நான்காம் நாள் பத்து எண்ணும் வரை இருந்தேன். ஒன்பதாம் நாள் ஓடுகளை எண்ணினேன். ஒரு வரிசைக்கு நாற்பத்தாறு. இரண்டு விரிசல்.

இப்போது நல்ல செய்தி. நேற்று ஒரு கிலோமீட்டர், இருபத்தொன்பது நிமிடம். இந்தக் கணக்கில் 3.8 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். இருபது நிமிடம் கையில் மிச்சம். பயிற்சியாளர் கை கொடுத்தார். ஒரே தொந்தரவு, தொடையின் உள்பக்கம் சிராய்த்துப் புண்ணாகிவிட்டது. சைக்கிள் இருக்கைதான் காரணம், களிம்பு போடுகிறேன்.

அண்ணன்


மே 27

அண்ணனுக்கு,

மூன்று வருடம் சைக்கிள் மிதித்தபோது வராத சிராய்ப்பு இப்போது நீச்சல் மாதத்தில் எப்படி வந்தது?

தொடைகளுக்கு நடுவில் மிதவைக் கட்டையை இடுக்கிக்கொண்டு நீந்துகிறீர்கள். கட்டை காலைத் தூக்கிக் கொடுக்கிறது, கை மட்டும் வேலை செய்கிறது. அதனால்தான் இருபத்தொன்பது நிமிடம். மார்ச் மாதத்துக்கு முன்பும் குளத்தில் இதே கட்டையோடுதான் நீந்தியிருப்பீர்கள். ஏரியில் கட்டை இல்லை. உங்கள் பயிற்சியாளருக்கு விளங்காத மர்மம் அதுதான்.

உங்கள் கடையில் தராசில் விரல் வைத்து நிறுத்த ஒருவனை அன்றே வெளியே அனுப்பினீர்கள் என்று அண்ணி பெருமையாகச் சொல்வார். உங்களை நீங்களே நிறுக்கும்போது மட்டும் விரல் எப்படி வந்தது?

கட்டை இல்லாமல் ஒரு கிலோமீட்டர். நேரத்தை அப்படியே எழுதுங்கள்.

தங்கை


மே 31

தங்கைக்கு,

நாற்பத்தேழு நிமிடம்.

கட்டையை அந்தச் சிறுமியிடம் கொடுத்துவிட்டேன்.

அண்ணன்


ஜூலை 30

தங்கைக்கு,

நீ ஜூனில் அனுப்பிய அட்டவணைப்படி ஒரு நாளும் தவறவில்லை. இருபத்தைந்து மீட்டர் துண்டு துண்டாக, நடுவில் பத்து மூச்சு. கை எத்தனை தடவை சுழல்கிறது என்ற எண்ணிக்கை முப்பத்தொன்றிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறது. கரையைப் பார்க்க வேண்டுமென்றால் முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சு. பத்து சுழற்சிக்கு ஒரு தடவைதான் பார்ப்பது என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஏரியில் வாரம் ஒருமுறை, கூட இரண்டு பேர், ஆரஞ்சு மிதவை.

கிலோமீட்டருக்கு முப்பத்தொன்பது நிமிடம் ஆகிறது, விரல் வைக்காமல். எனக்கு வேண்டியது முப்பத்தாறரை. இன்னும் ஆறு வாரம்.

ஒன்று கேட்கிறேன். போட்டியன்று கரையில் வந்து நில். உன் அண்ணியும் மகனும் வருகிறார்கள். நேற்று சாப்பிடும்போது நேரம் இழுக்கிறதே என்று புலம்பினேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னான்: “அப்பா, குவாரியில அத்தையைத் தூக்கின ஆளு நீங்க. ஏரியெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி.” சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவிவிட்டேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அண்ணனுக்கு,

வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. தண்ணீரில் இறங்கும் முன்பு அண்ணிக்கும் மகனுக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

முப்பத்தொன்பது முப்பத்தாறாகும், கவலை வேண்டாம். எனக்கு நேரத்தைப் பற்றிப் பயமில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். மார்ச் மாதம் ஏரியில் உங்களைப் படகில் ஏற்றினார்களே, நீங்கள் கையைத் தூக்கிக் கூப்பிட்டீர்களா, அல்லது அவர்களாகப் பார்த்து வந்தார்களா?

தங்கை


ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

அவர்களாக வந்தார்கள்.

நிபந்தனையைப் பற்றி: போட்டி முடியட்டும், சொல்லிவிடுகிறேன். வாக்குக் கொடுத்தால் நான் தவறியதில்லை. ஆனால் முன்பு முடியாது. யோசித்துப் பார். அவன் பத்தொன்பது வயதுப் பையன். அவனுக்கு அப்பா என்றால் அந்தக் கதைதான். பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினான். அதை உடைத்துவிட்டு எந்தத் தெம்பில் நான் தண்ணீரில் இறங்குவேன்? இருபத்தைந்து வருடமாக வெறும் வாய்ச்சொல்லால் தொழிலை நிமிர்த்தியவன் நான். ஒரு சொல் பொய் என்றால் மற்றவையும் பொய்தானே என்று உன் அண்ணி நினைக்க மாட்டாளா?

மனதில் பட்டதைச் சொல்கிறேன். நீ எனக்கு நீச்சல் கற்றுத்தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழி வாங்குகிறாய். முதலில் ஒரு பக்கம் எழுது என்றாய், எழுதினேன். இப்போது வீட்டில் சொல் என்கிறாய். அடுத்து என்ன, மேடையிலா? ஒவ்வொரு தடவையும் விலை ஏறுகிறது. இப்படி வியாபாரம் செய்கிறவனிடம் நான் இரண்டாம் முறை சரக்கு எடுப்பதில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அண்ணனுக்கு,

பழி வாங்க நினைத்திருந்தால் நான் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்திருந்தால் போதும்.

நீங்கள் ஒருநாளும் கேட்காததைச் சொல்கிறேன். குவாரி நடந்து ஏழு வாரத்தில் மாவட்ட நீச்சல் அணிக்குத் தேர்வு. நூறு மீட்டரில் என் வயதில் என்னைவிட வேகமாக இரண்டே பேர்தான் இருந்தார்கள், மூன்று பேரை எடுப்பதாக இருந்தது. அன்று மாலையே அப்பா என் நீச்சல் உடையை அடுப்பில் போட்டார். “தண்ணி உன்னைக் கூப்பிடுது, இனி அந்தப் பக்கம் போகாதே” என்றார். இரண்டு வருடம் போகவில்லை. நான் சொன்னதை அவர் நம்பவில்லை, “அண்ணன் மேல பொறாமையா?” என்று கேட்டார். நீங்கள் அப்போது அடுத்த அறையில் இருந்தீர்கள். கதவு திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் நீந்தினேன், வேலை கிடைத்தது, நன்றாகத்தான் இருக்கிறேன். அழுது எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

இப்போது கற்றுக்கொடுப்பவளாகப் பேசுகிறேன். இருபது வருடத்தில் தண்ணீரில் திணறிய எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன். கத்துகிறவர்களுக்கு ஆபத்து குறைவு. யாராவது பார்த்துவிடுவார்களே என்று கத்தாமல் இருப்பவர்கள்தான் சத்தமில்லாமல் உள்ளே போவார்கள். குவாரியில் நீங்கள் கத்தவில்லை, கூட்டாளிகள் பார்த்தார்கள். மார்ச் மாதம் கையைத் தூக்கவில்லை. ஏப்ரலில் பீப்பாயைக் கட்டிக்கொண்டு கத்தவில்லை, வாடிக்கையாளர் பார்த்தார். செப்டம்பரில் கரையில் உங்கள் மகன் நிற்பான், அத்தையைக் காப்பாற்றிய அப்பாவைப் பார்க்க. இரண்டாம் சுற்றில் நெஞ்சு இறுகினால் அவன் முன்னால் கையைத் தூக்குவீர்களா? எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அந்தக் கதையோடு இறங்கினால் நீங்கள் கையைத் தூக்க மாட்டீர்கள். அதற்குத்தான் முன்பே சொல்லச் சொன்னேன். விலையை ஏற்றவில்லை.

சொல்லாமல் இறங்குவதைக் கரையில் நின்று பார்க்க என்னால் ஆகாது. இதற்குப் பதில் வேண்டாம். அட்டவணையின் கடைசி இரண்டு வாரம் இதோடு இருக்கிறது. கடைசி வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

தங்கை


செப்டம்பர் 16

தங்கைக்கு,

நீச்சல் இரண்டு மணி பதினேழு நிமிடம். மொத்தம் பதினாறு மணி நாற்பது நிமிடம். சைக்கிள், ஓட்டம் பற்றி எழுத ஒன்றுமில்லை, கால் ஓடியது, நான் பின்னால் போனேன்.

முந்தின நாள் மாலை சொல்லவில்லை. மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் சைக்கிள் டயரில் காற்று சரிபார்க்கக் கீழே இறங்கிப் போனேன். மூன்றாவது தடவை உன் அண்ணி, “டயர் வெடிச்சுடப் போகுது” என்றாள்.

காலை ஆறேகாலுக்கு ஏரிக்கரையில் சொன்னேன். தலையில் ரப்பர் தொப்பி, கையில் மையால் எழுதிய எண், மேலே சட்டையில்லை. அந்தக் கோலத்தில் நிற்கும்போது கௌரவம் என்று காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. “குவாரியில மூழ்கினது நான். என்னை இழுத்துப் போட்டது அத்தை. அப்பாகிட்ட பொய் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தேன்” என்றேன்.

மகன் திரும்பிக்கொண்டான். ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் அண்ணி என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: “மழை வந்தா முகத்தைப் பொத்திக்கிட்டு ஓடுற ஆளு குவாரியில குதிச்சாராம். இருபத்திரண்டு வருஷமா தலையாட்டிக்கிட்டு வரேன். இதுக்காகவா அவ சாப்பிடாம போனா?” அதற்கு மேல் திட்டுவதற்குள் ஊதல் ஊதிவிட்டார்கள். மிச்சத்தை வீட்டுக்கு வந்து திட்டினாள். இன்னும் முடியவில்லை.

முதல் சுற்று ஒரு மணி எட்டு நிமிடம். இரண்டு நிமிடத்தில் தப்பித்தேன். இரண்டாம் சுற்றில், கடைசி மஞ்சள் மிதவை திரும்பும் இடத்தில், பின்னால் வந்தவன் கை என் கண்ணாடியில் பட்டு உள்ளே தண்ணீர் புகுந்தது. ஒன்றும் தெரியவில்லை. பச்சையும் கறுப்பும். அதே நெஞ்சு, அதே பூட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து சுழற்சி போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, யாருக்காக என்று தோன்றியது.

கையைத் தூக்கினேன். சின்னத் துடுப்புப் படகில் ஒரு பெண் வந்தாள். “பிடிச்சுக்கோங்க சார், அவசரமில்ல” என்றாள். முனையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து முனகினேன். அவள் பயந்துவிட்டாள். “சார், வலிக்குதா?” “இல்லம்மா, இது பாடம்” என்றேன். ஒன்றரை நிமிடம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விட்டுவிட்டேன். தலையைத் தூக்கவில்லை.

நீ வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாலையில் மகன் சொன்னான், அன்றைக்கு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்: “அத்தை வந்திருந்தாங்கப்பா. மரத்துக்குப் பின்னாடி நின்னாங்க. நீங்க கையைத் தூக்கினதும் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. நான் ஓடிப்போய், ‘அப்பா சொல்லிட்டாரு அத்தை’ன்னு சொன்னேன். ‘தெரியுது’ன்னாங்க.” நீ போனபோது அவன் கேட்டானாம், சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று.

இந்தத் தடவையும் சாப்பிடாமல் போய்விட்டாய்.

அண்ணன்


செப்டம்பர் 23

அண்ணா,

அன்றைக்கு மதியம் குளத்தில் எனக்கு வேலை. லீவு பாதி நாள்தான் கொடுத்தார்கள். கோபத்தில் போகவில்லை.

உன் வலது கை இன்னும் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போகிறது. கரையிலிருந்து பார்த்தேன். அதைச் சரிசெய்தாலே ஐந்து நிமிடம் குறையும்.

மேடையிலா என்று ஆகஸ்டில் நீ கேட்டாய். அப்போது நான் அதை நினைக்கவில்லை. இப்போது கேட்கிறேன், ஆமாம், மேடையில். டிசம்பரில் கடையின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. அதே வியாபாரிகள், அதே மைக். ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்பாவிடம் சொல்ல இனி வழியில்லை. கேட்டவர்களிடமாவது சொல்.

ஷவர்களை அனுப்பலாம். நான்கில் ஒன்றை நீயே வைத்துக்கொள். உன் வீட்டில் மாட்டு.

நண்டு


செப்டம்பர் 29

நண்டுக்கு,

மூன்று ஷவர் இந்த வண்டியில் வருகிறது. நான்காவதை நேற்று பிளம்பர் என் குளியலறையில் மாட்டினார். “முதலாளி, இத்தனை வருஷம் கழிச்சா?” என்று கேட்டார். அவருக்கும் டிசம்பரில் பதில் கிடைக்கும்.

ஐந்து நிமிடம் நீளம். ஐந்து நிமிடம் கொடுத்தால் நான் நடுவில் ஒரு ஜோக் செருகிவிடுவேன், சபை சிரிக்கும், விஷயம் நழுவிவிடும். என்னை எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் என்று எழுத வந்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, “இதுலயும் பேரமா?” என்றாள். அதனால் மூன்று.

முடிந்த பேச்சை எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்ற வேண்டாம். டிசம்பர் விழாவில் மூன்று நிமிடம், ஜோக் இல்லாமல், நீ முதல் வரிசையில் இருக்கும்போது. மாவட்டத் தேர்வும் அடுப்பில் போன உடையும் திறந்திருந்த கதவும் அதில் உண்டு. உன்னை மேடைக்குக் கூப்பிட மாட்டேன். தினமும் பத்து நிமிடம் ஷவருக்கு அடியில் முகத்தை நீட்டி நிற்பேன். வலது கையை நீ சரிசெய்வாய், அதற்கு மாதம் ஒரு ஞாயிறு நான் உன் குளத்துக்கு வருவேன், டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று. தண்ணீரில் முடியாதபோது கையைத் தூக்குவேன், யார் பார்த்தாலும். போன் செய்யலாம், ஆனால் முதலில் நீ பேசி முடிப்பாய்.

இவ்வளவும் உன் பக்கம். என் பக்கம் ஒன்றே ஒன்று: டிசம்பரில் உட்கார்ந்து, முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அண்ணன்